ஒரு தடவை இருமினால் இடது

மனைவி: ஒரு தடவை இருமினா?

டிரைவர்: இடது பக்கம்.

மனைவி: ரெண்டு தடவை?

டிரைவர்: வலது... வலதுதானே?

மனைவி: கிழிஞ்சுது போங்க.

டிரைவர்: நேரா போகணும்னா?

மனைவி: நான் சும்மா இருப்பேன்.

டிரைவர்: அது உன்னால முடியுமா?

மனைவி: கிண்டலா? செருப்பு தேய நடந்து வழி பாத்து வச்சிருக்கேன், உங்களுக்காக. அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்குள்ள பஸ்ஸை விட்டது யாரு?

டிரைவர்: வாட்ச்மேன் கேட்டைத் திறந்து சல்யூட் வேற அடிச்சான். நான் என்ன பண்றது?

மனைவி: அதுக்கு முன்னாடி, மருந்துக் கடைப் பக்கத்துச் சந்துல?

டிரைவர்: கை பழகிப்போச்சு. பழைய ஊர்ல மருந்துக் கடை வந்தா இடது பக்கம் ஒடிப்பேன். இங்கயும் மருந்துக் கடை வந்துச்சு, ஒடிச்சேன்.

மனைவி: எல்லா ஊர்லயும்தான் மருந்துக் கடை இருக்கு. இன்னொரு தடவை வழி தப்பினா என்ன ஆகும்?

டிரைவர்: பழைய டிப்போ. மேனேஜர் சொன்னது இன்னும் காதுலயே இருக்கு.

மனைவி: டிரைவர் வேலை இல்ல, பஸ் கழுவுற வேலை. அதையும் சொன்னாரு.

டிரைவர்: காலங்காத்தால ஞாபகப்படுத்து, நல்லா இருக்கும்... ஆளு ஏறுது. நீ யாரோ, நான் யாரோ.

மனைவி: இதை நான் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்.

குடைக்காரர்: வணக்கம்மா. இன்னைக்கும் முன் சீட்டுதானா?

மனைவி: வாங்க. குடையை அந்தப் பக்கம் வைங்க. நேத்து குத்தினதே இன்னும் வலிக்குது.

குடைக்காரர்: கேக்கணும்னு நினைச்சேன்... தினமும் எங்க போறீங்க? வேலைக்கா?

மனைவி: வேலையா? எனக்கு எங்கங்க நேரம்? கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போறேன்.

குடைக்காரர்: அங்க ஒரு தண்ணி டேங்க்தானே இருக்கு?

மனைவி: அதைத்தான் பாக்கப் போறேன்.

குடைக்காரர்: தினமுமா?

மனைவி: பெரிய டேங்க்குங்க.

டிரைவர்: க்கும்.

மனைவி: நீங்க இருமாதீங்க!

குடைக்காரர்: பாவம்மா, அவருக்கும் தொண்டை இருக்குல்ல?

மனைவி: இல்ல... ஒட்டிக்கும்னு சொன்னேன்... க்கும்.

குடைக்காரர்: பாத்தீங்களா! டயர் கடை வந்ததும் ஆரம்பிச்சிடுச்சு. ரப்பர் வாசனை உங்களுக்கு ஒத்துக்கல.

மனைவி: ஆமாங்க. சின்ன வயசுலேருந்தே.

குடைக்காரர்: பாங்க் கிட்ட மட்டும் ரெண்டு தடவை வருதே, அங்க என்ன வாசனை?

மனைவி: அங்க... தூசி.

டிரைவர்: கொஞ்சம் பேச்சைக் குறைச்சா நல்லது. போர்டு போட்டிருக்கு.

குடைக்காரர்: டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னுதான் போர்டு. நாங்க எங்களுக்குள்ள பேசுறோம்.

மனைவி: ஏங்க, ரோட்டைப் பாத்து...

குடைக்காரர்: யாரை ஏங்கன்னு கூப்பிட்டீங்க?

மனைவி: உங்களைத்தான்.

குடைக்காரர்: நான் ஏம்மா ரோட்டைப் பாக்கணும்?

மனைவி: பாருங்க, எவ்வளவு அழகா போட்டிருக்காங்க.

குடைக்காரர்: சரிதான்... இந்தாங்க, இந்த மிட்டாயை வாயில போடுங்க. இருமல் வரவே வராது.

மனைவி: ஐயோ வேண்டாம், வரணும்... அதாவது, அடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

குடைக்காரர்: எந்த டாக்டர்? போடுங்க சொல்றேன்.

மனைவி: ம்... ம்ம்... க்ஹும்! க்ஹும்... க்ஹும்...

குடைக்காரர்: கட்டடம் இடிக்கிறாங்க, அந்தத் தூசி. ஜன்னலைச் சாத்துங்க!

மனைவி: க்ஹும்... இது இல்ல... க்ஹும்... மருந்துக் கடை... திரும்பாதீங்க!

குடைக்காரர்: நான் எங்க திரும்பினேன்? அசையாம உக்காந்திருக்கேன்.

மனைவி: நேரா... நேரா...

டிரைவர்: நேராத்தான் போகுது. தண்ணியைக் குடிங்கம்மா.

குடைக்காரர்: மிட்டாயை முழுங்கிட்டீங்களா? பேசாதீங்க, பேசாதீங்க. தானா இறங்கட்டும்... பாங்க் போயாச்சு, அடுத்தது என் ஸ்டாப்பு. வரேம்மா. டேங்க்கைக் கேட்டதாச் சொல்லுங்க.

டிரைவர்: கடைசி ஸ்டாப்பு. எல்லாரும் இறங்கியாச்சு. தொண்டை சரியாச்சா?

மனைவி: மருந்துக் கடை கிட்ட எத்தனை தடவை இருமினேன்?

டிரைவர்: யாரு எண்ணினா?

மனைவி: அதேதான். யாரும் எண்ணல. நீங்க பாட்டுக்கு நேரா போனீங்க. பாங்க் கிட்ட மிட்டாய் அடைச்சு எனக்குச் சத்தமே வரல. வெண்ணெயில கத்தி இறங்கின மாதிரி வலது பக்கம் திரும்பினீங்க.

டிரைவர்: அது... கண்ணாடியில உன் முகத்தைப் பாத்தேன்.

மனைவி: முகத்துல வலதுன்னு எழுதியிருந்துச்சா? எப்போலேருந்து வழி தெரியும்?

டிரைவர்: கொஞ்ச நாளா.

மனைவி: கொஞ்ச நாளான்னா?

டிரைவர்: நீ இரும ஆரம்பிச்ச மறு வாரத்துலேருந்து.

மனைவி: அடப்பாவி மனுஷா! தொண்டை கட்டி, தினமும் வெந்நீர் குடிச்சு... கல்லு மாதிரி பாத்துக்கிட்டு இருந்தீங்களே! ஏன் சொல்லல?

டிரைவர்: சொன்னா நீ வர மாட்ட.

மனைவி: அதனால?

டிரைவர்: இங்க வந்த புதுசுல நான் டியூட்டி முடிச்சு வந்தா, காலையில உக்காந்த நாற்காலியிலேயே உக்காந்திருந்த. பெட்டியைக்கூடப் பிரிக்கல. டீ போடவான்னு கேட்டா தலையை மட்டும் ஆட்டுன. பழைய ஊர்ல மூக்குக்கண்ணாடிக் கடையில எப்படி இருந்த? லென்ஸ் தேச்சுக்கிட்டே வர்றவன் போறவனையெல்லாம் வம்புக்கு இழுப்ப. என் மாத்தலுக்காக அதை விட்டுட்டு வந்துட்ட. பஸ்ஸுல ஏறினப்புறம்தான் உனக்கு வாய் திரும்பி வந்துச்சு... இன்னும் கொஞ்ச நாள் வழி தெரியாதவனாவே இருந்துட்டுப் போவோம்னு...

மனைவி: தண்ணி குடுங்க.

டிரைவர்: இந்தா. அழறியா?

மனைவி: மிட்டாய்.

டிரைவர்: சரி, உண்மை தெரிஞ்சுபோச்சு. நாளையிலிருந்து வர மாட்டதானே?

மனைவி: வர மாட்டேன்.

டிரைவர்: தெரியும். வீட்டுலயே உக்காந்துடுவ.

மனைவி: முழுசாக் கேளுங்க. பாங்க்குக்கு அடுத்த தெருவுல ஒரு கண்ணாடிக் கடை இருக்கு. வேலைக்கு வாங்கன்னு போன வாரமே கூப்பிட்டாங்க. வீட்டுக்காரரை நடு ரோட்டுல விட்டுட்டு வர முடியாது, வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டு வரத்தான் இன்னைக்கு நல்ல புடவை கட்டிக்கிட்டு வந்தேன்... முழிக்காம வண்டியை எடுங்க. கடை திறந்திருக்கும்.