பிரஸ்ஸல்ஸில் ஒரு ஃபேன்

பாகூர் பஸ் வில்லியனூரை விட்டு இன்னும் கிளம்பவில்லை. என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் மற்றவளைக் கேட்டாள்.

“பிரஸ்ஸல்ஸ்ல சீலிங் ஃபேன் இருக்குமாக்கா?”

“அந்தக் குளுருல எதுக்குடி ஃபேனு? இன்னாத்துக்கு கேக்கற?”

“எம்புள்ள வீடியோல பேசறப்ப பின்னால செவுத்துல ஃபேன் நெழலு சுத்துது.”

“ஏஐ இன்ஜினியரா போயிருக்கான்னியே?”

“அப்படித்தான் சொல்றான். ஐரோப்பாவுக்கே அங்கதான் சட்டம் போடுவாங்களாம். ஏஐ ஒழுங்கா நடக்குதான்னு பாக்க இன்ஜினியருங்க வேணுமாம்.”

“ஏர்போர்ட்டுக்கு நீங்க போவலியா?”

“நம்ம தெருவுல எவன் வெளிநாடு போனாலும் வேன் வச்சில்ல போவோம்? இவன் யாரும் வராதீங்கன்னுட்டு, பெட்டியத் தூக்கிக்கினு ஒண்டியா பஸ் ஏறுனான். அப்பவே எனக்கு இன்னாவோ மாரி இருந்துச்சு. இந்த வேலைய சொல்லித்தான்க்கா பொண்ணு வூட்டுக்கு வாக்கு குடுத்திருக்கேன்.”

“நேரா கேட்டுட வேண்டிதானே?”

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மகன்தான். ஸ்பீக்கரில் போட்டாள். பஸ் இப்போது கிளம்பிவிடக் கூடாதே என்று எனக்கு இருந்தது.

“அம்மா, சாப்ட்டியா?”

“ஆச்சுப்பா. அங்க குளுரா?”

“பயங்கர குளுரும்மா. வெளிய பனி கொட்டுது.”

“அப்ப அந்த ஃபேனை நிறுத்துடா.”

போனில் கிறீச் கிறீச்சென்று ஃபேன் சுற்றுவது மட்டும் என் சீட் வரைக்கும் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் நின்றது.