பதினேழு வண்டிகளின் வருகைப் பதிவு

தட்டச்சு செய்பவர் அவசரப்பட வேண்டாம், அதிகாரி அவர்களே. பிழையுள்ள தாளில் நான் கையெழுத்திட்டதில்லை.

எங்கள் குடியிருப்பில் பதினேழு கார்கள். அனைத்தும் ஒரே நிறுவனத்தின் இணையக் கார்கள். கைப்பேசியிலிருந்தே கதவைப் பூட்டலாம், வெப்பத்தைக் கூட்டலாம், உள்ளிருப்பவரோடு பேசலாம். எந்தக் கைப்பேசி பூட்டியதோ அது திறந்தால்தான் கதவு திறக்கும், உள்ளிருந்தும்கூட. கடவுச்சொல்லோ வண்டியின் பதிவெண்; முன்னும் பின்னும் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறது. மாற்றிக்கொள்ளும்படி வீடுவீடாகச் சென்று சொன்னேன். நிறுவனத்துக்கு நான்கு கடிதங்கள் எழுதினேன். "தங்கள் பாராட்டுக்கு நன்றி" என்று பதில் வந்தது.

என் மகளைக் கட்டியவர் சிரித்தே விட்டார். "மாமா, உங்களுக்கு டிவி ரிமோட்டே பிடிபடல. என் காரை எவன் என்ன பண்ணிடுவான்? சுத்தியலால அடிச்சாக்கூட கண்ணாடி உடையாது." கார்களை இயக்கும் செயலியை என் கைப்பேசியில் ஏற்றித் தந்தவரும் அவரே.

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பு நடத்தியவன் நான். செய்து காட்டாமல் சிலருக்குப் பாடம் ஏறாது. நேற்றுக் காலை எல்லோரும் அலுவலகம் செல்ல வண்டியேறியதும் பதினேழையும் பூட்டினேன். தூங்கி வழியக் கூடாதென்று வெப்பத்தை முழு அளவுக்கு ஏற்றினேன். பிறகு மாடியில் நாற்காலி போட்டு அமர்ந்து, வருகைப் பதிவேட்டைத் திறந்து, வீட்டு எண் வரிசையில் பெயர் கூப்பிட்டேன். "உள்ளேன் ஐயா" என்று சொல்லி, கடவுச்சொல்லை மாற்றுவதாக உறுதியளித்தவரை உடனே விடுவித்தேன். பல் மருத்துவர் எழுந்து நிற்க முயன்று கூரையில் தலையை இடித்துக்கொண்டார். நல்ல பிள்ளை.

ஒன்பதரைக்குள் பதினாறு பேர் வெளியே. மாப்பிள்ளை மட்டும் முரண்டு பிடித்தார்.

"மாமா, விளையாடாதீங்க. மீட்டிங் இருக்கு, திறங்க."

இது பதிலன்று. கால்மணி நேரம் கழித்து மீண்டும் கூப்பிட்டேன்.

"மாமா... மூச்சு முட்டுது."

இதுவும் அன்று.

கீழே மகள், "அப்பா, அவரு உள்ளதான் இருக்காருப்பா, திறந்து விடுங்கப்பா" என்று கதறினாள். ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுப்பதை எந்த வகுப்பிலும் நான் அனுமதித்ததில்லை. பல் மருத்துவர் சுத்தியல் கொண்டுவந்து அடித்துப் பார்த்தார். கண்ணாடியைப் பற்றி மாப்பிள்ளை சொன்னது உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை.

பத்தரைக்கு மூன்றாம் முறை கூப்பிட்டேன். பதிலே இல்லை.

பூட்டியது நான். சூடேற்றியது நான். ஆனால் கொலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். என் பதிவேட்டைப் பாருங்கள்: அவர் நேற்று வரவே இல்லை.