தின்னர் டப்பா எங்கிருந்து வந்தது

காவல் ஆய்வாளர் அவர்களுக்கு. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்பதால் இந்த வாக்குமூலத்தை நானே எழுதுகிறேன். பெயரைக் கடைசியில் எழுதிக்கொள்கிறேன். வயது நாற்பத்தெட்டு. எம்.எஸ்ஸி., பி.எட். பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியர். குடியிருப்பது பள்ளி நிர்வாகத்துக்குச் சொந்தமான வீட்டில்.

1996 நவம்பரில் எங்கள் பள்ளியில் போதைத் தடுப்புக் கண்காட்சி வைப்பதென்று முடிவானது. கண்காட்சியைவிட, பையன்களைச் சிறு குழுவாக உட்கார வைத்து, கூட்டாளி ஒருவன் நீட்டினால் எப்படி மறுப்பது என்று பேசிப் பழக்கலாம் என நான் எழுதிக் கொடுத்தேன். தலைமை ஆசிரியர் வெள்ளியங்கிரி, பணியில் எனக்கு இளையவர், பள்ளிச் செயலாளருக்குச் சொந்தக்காரர் என்பதால் அந்த நாற்காலியில் இருப்பவர், அதைப் படித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"ஏனுங்க சார், பேசுனா மாவட்டத்துல ப்ரைஸ் குடுப்பாங்களா? நெசச் சாமானத்த மேசைல வெச்சாத்தான் சனம் நின்னு பாக்கும்" என்றார்.

படம் போதும், பொருள் வேண்டாம் என்றேன். "ஹெச்.எம். ஆகாத வயித்தெரிச்சல இதுல காட்டாதீங்க" என்றார். உடனிருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

அதன் பிறகு செயலாளரின் பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் காயில் சுற்றும் பகுதியிலிருந்து, பையன்கள் போதைக்கு முகர்கிற வார்னிஷ் தின்னர் ஒரு டப்பா வந்தது. கம்பெனி பெயர் அதில் அச்சாகியிருந்தது. அதை மேசையில் வைத்து, குரல் நன்றாக இருக்கும் பத்தாம் வகுப்பு அருண்குமாரைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். எங்கள் பள்ளி வழக்கப்படி அவன் விளக்கத்தை மனப்பாடம் செய்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தான்.

கண்காட்சி முடிந்த மாலை அவன் சாமான் அறையில் சுவரோரம் விழுந்து கிடப்பதைப் பார்த்தேன். டப்பா பக்கத்தில் திறந்திருந்தது. அதன் பிறகு அவனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வழியில் கண் திறந்தான். "ஏன் கண்ணு இப்படிப் பண்ணுனே" என்று கேட்டேன்.

"வர்றவங்கெல்லாம் அது எப்படி இருக்கும்னு கேட்டாங்க சார். எனக்கு அது மட்டும் தெரியலீங்க" என்றான்.

பிழைத்துக்கொண்டான். டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் அப்பா செயலாளர் கம்பெனியில் லேத் ஓட்டுகிறார், ஆகவே அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது டப்பா அங்கே இல்லை. அதன் பிறகு, பள்ளிக்கு எதிரே நோட்டு, பேனா விற்கும் சீனிவாசலுதான் அருண்குமாருக்குத் தின்னர் விற்றதாகத் தலைமை ஆசிரியர் புகார் கொடுத்து, அவரைப் பிடித்துப் போனீர்கள். அவர் கடையில் தின்னர் கிடையாது. எழுத்தை அழிக்கும் வெள்ளை மையைக்கூட, "வாத்தியார்கிட்டச் சீட்டு வாங்கிட்டு வா கண்ணு" என்று திருப்பி அனுப்புகிறவர். என்னை யாரும் விசாரிக்கவில்லை.

நேற்று அவர் மனைவி வெங்கடலட்சுமி என் வீட்டுக்கு வந்தார். "பாத்தவங்க ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும், வெளிய கொண்டாந்தர்றேன்னு வக்கீல் சொல்றாருங்க. நீங்கதானுங்களே சார் பாத்தீங்க" என்றார். என் மனைவி புவனா அவருக்குக் காபி கொடுத்தாள். அவள் இதே நிர்வாகத்தின் தொடக்கப் பள்ளியில் இன்னும் நிரந்தரமாகாத ஆசிரியை. அந்த அம்மாள் போன பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டே, "ஊட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

இதில் உள்ளது நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தான். கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. இதன் கீழ் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். பேனாவைத் திறந்து, மூடிவிட்டேன். பெயரும் எழுதப்போவதில்லை. டைப் அடித்த இந்தத் தாளை இப்படியே காந்திபுரத்தில் தபால் பெட்டியில் போடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். நீங்கள் இதைக் காட்டினால், எழுதியது யாரென்று வெள்ளியங்கிரிக்கு உடனே தெரியும். தெரிந்தாலும் என்னைப் பிடிக்க அவர் கையில் ஒன்றும் இருக்காது. சீனிவாசலு கையிலும் ஒன்றும் இருக்காது.