தாளிக்காத அன்னாசி ரசம்

—நாள் கணக்கா தாளிக்கலை. இன்னைக்கும் தாளிக்கலை.

—கடுகு இல்லைங்க, கிராணியாரே.

—கடுகை நான்தான் பொந்தியான் டவுன்ல இருந்து வரவழைச்சேன். அதோ, உன் தலைக்கு மேல டின்னுல இருக்கு.

—இருக்குதுங்க. எண்ணெய்தான் இல்லை.

—எண்ணெய் டின்னு அதுக்குப் பக்கத்துல.

—அது காறிப்போன எண்ணெய்.

—வெள்ளையம்மா, ஜப்பான்காரன் இந்த ஃபேக்டரிய எடுத்த நாளா நீதான் இங்க சமைக்கிற. காறின எண்ணெய்லயும் தாளிச்ச. எண்ணெயே இல்லாதப்ப வெறும் சட்டியில கடுகை வறுத்துப் போட்ட. இப்ப ரெண்டும் இருக்கு, தாளிப்பு இல்லை. அம்மை கண்ட இடத்துல தாளிக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா?

—தெரியாம இருக்குமா. நீங்க ஆபீஸ்ல கணக்கு எழுதுறவங்க, படிச்சவங்க.

—படிப்புக்கும் இதுக்கும் என்ன இருக்கு. எங்கம்மாவும் அப்படித்தான் இருந்தா. தாளிக்கிற வாடை பட்டா ஆத்தா கோவிச்சுக்குவான்னு வாரக்கணக்கா எங்களுக்குப் பச்சைத் தண்ணி மாதிரிதான் சோறு.

—கோவிச்சுக்குவாதான்.

—ஆனா இது வீடு இல்லை. ஃபேக்டரி அடுப்படி.

—அடுப்புக்கு எந்த அடுப்படின்னு தெரியுமாங்க.

—வேலிக்கு அந்தாண்டை நம்ம லயம். வயிரவன் வீடு, உன் வீடு, என் வீடு. இந்தப் புகை நேரா அங்கதான் போகுது. அதனாலதானே தாளிக்கலை?

—புகை எங்க போகுதுன்னு நான் பார்க்கலைங்க. மரவள்ளி வெந்துருச்சான்னுதான் பார்த்தேன்.

—சரி. ராஜம்மா எங்கே?

—வீட்டுல.

—உன் மக அன்னாசி சீவுற மேசைக்கு வந்து நாளாச்சு.

—கால் வீங்கியிருக்கு. அரிசி கண்ணுல படாத ஊர்ல கால் வீங்காம என்ன பண்ணும்.

—வீங்கின கால யாராவது பார்த்தாங்களா?

—அதைப் போய் யாருங்க பார்ப்பாங்க.

—வெள்ளையம்மா, இதெல்லாம் என் சொந்த ஆசைக்கு நான் கேக்கலை. காலையில ஜப்பான்கார துவான் கூப்பிட்டான். வாயில துணி கட்டியிருந்தான். அம்மை கண்ட மனோகரனுக்கு அப்புறம் வேற யாருக்காவது வந்திருக்கான்னு கேட்டான். வந்திருந்தா யார் யார் அவங்க பக்கத்துல நின்னாங்கன்னு கேட்டான்.

—நீங்க என்ன சொன்னீங்க?

—ஒரு மூங்கிலை வெட்டிக் கொடுத்தான். இந்த மூங்கில் நீளத்துக்குள்ள நின்னவனெல்லாம் ஆபத்து, வெளிய நின்னவன் ஆபத்து இல்லை. போய்ப் பார்த்துட்டு வான்னான்.

—பார்த்தீங்களா?

—பார்த்தேன். சீவுற மேசையில மூங்கிலை நீட்டவே இடம் இல்லை. பொம்பளைங்க முழங்கை முழங்கையா நிக்கிறாங்க. ஒருத்தி சீவின பழத்துல அடுத்தவ கண்ணு எடுக்குறா, அதுக்கு அடுத்தவ துண்டு போடுறா. வேக வைக்கிற இடத்துல எல்லாருக்கும் ஒரே துண்டு. அதுலதான் முகம் துடைக்கிறான், அதுலதான் டின்னையும் துடைக்கிறான். தண்ணி குடிக்க ஒரே தகரக் குவளை, சங்கிலி போட்டுக் கட்டியிருக்கு.

—திருடிட்டுப் போயிடுறாங்கன்னு நீங்கதான் கட்டச் சொன்னீங்க.

—சொன்னேன். இப்ப என்ன நீளத்துக்கு மூங்கில் வெட்டினாலும் எல்லாரும் உள்ளதான் வர்றாங்க.

—அப்ப எல்லாருமே ஆபத்துன்னு சொல்லிடுங்க. யாரையும் பிடிக்க வேண்டாமில்ல.

—அப்படிச் சொன்னா பழத்தை யார் சீவுறதுன்னு கேப்பான். அவனுக்கு ஒரு வீடு வேணும். ஒரு வீட்டைக் காட்டினா மத்தவங்க வேலை செய்யலாம்.

—அது என்னங்க நியாயம்.

—நியாயம் இல்லை, ஏற்பாடு. இன்னொண்ணு கேளு. நீ தாளிக்காதது எனக்கு மட்டும் தெரியலை. முதல் வாயிலயே அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு.

—ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே.

—சொல்ல மாட்டாங்க. பக்கத்து டவுன்ல இந்த மாதிரின்னா சாப்பாட்டை வெச்சுட்டு ஓடுவான். நம்ம ஆளுங்க குவளை ரசத்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டுக் குடிக்கிறானுங்க. ஆத்தா இறங்கின அடுப்பாம். பிரசாதமாம். சாப்பிடாம முறுக்கிக்கிட்டுப் போனா வீட்டுக்கு வந்து கேப்பாளாம். முன்னெல்லாம் உன் அன்னாசி ரசத்தைத் திட்டினவன் இப்ப ரெண்டாந்தரம் வாங்கிக் குடிக்கிறான்.

—அதான் பானை சீக்கிரம் காலியாச்சா. நான் என்னமோ ருசின்னு நெனைச்சேன்.

—துவானும் குடிக்கிறான்.

—அவருக்கு என்ன தெரியும்.

—ஒண்ணும் தெரியாது. பிடிச்சிருக்குன்னான். முன்ன கறுப்பா எதுவோ பல்லுல சிக்குமாம். இப்ப சிக்கலையாம்.

—பாவம்.

—பாவம் பார்க்குற ஆளைப் பாரு.

—ஐயா, நான் ஒண்ணு கேக்கவா? மனோகரனைக் கொண்டு போனாங்களே, வாய்க்கால் கரைக் கொட்டகைக்கு. அவன் பொண்டாட்டியையும் சேர்த்துத்தான். திரும்பி வந்தாங்களா?

—வந்திருந்தா வேலைக்கு வந்திருப்பாங்க.

—அங்க மருந்து இருக்கா?

—சுவர் இல்லாத கொட்டகை. மருந்து எங்கருந்து வரும். வாசல்ல துப்பாக்கியோட ஒருத்தன் இருக்கான். கஞ்சியை மூங்கில்ல கட்டி நீட்டுறான்.

—அவன் பேரை நீங்கதானே சொன்னீங்க.

—கேட்டாங்க, சொன்னேன். நான் சொல்லாம வேற யாராவது சொல்லி, அப்புறம் கிராணி மறைச்சான்னு தெரிஞ்சா மொத்த லயத்தையும் லாரில ஏத்தி சயாம் ரயில் வேலைக்கு அனுப்பிடுவான். ஒரு ஆளா, லயமான்னு பார்த்தேன்.

—பார்த்தீங்க.

—என் பொண்டாட்டி வேதநாயகிக்கு அது புரியலை. அன்னைக்கு என் முகத்துல அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினவதான். இனிமே வீட்டுக்கு வராதேன்னு சன்னல் வழியா பாயைத் தூக்கிப் போட்டா. நானும் ஆபீஸ் மேசையிலதான் படுக்குறேன். எல்லாம் தெரியும் உனக்கு. பக்கத்து வீட்டுலதானே இருக்க.

—அக்கா கோவக்காரங்கதான்.

—கோவம் இவ்வளவு நாளைக்கா இருக்கும்? போன வாரம் என் மக செல்லத்துக்குன்னு ஒரு நல்ல பழம் கொடுத்தேனே, கொடுத்தியா?

—கொடுத்தேன்.

—சாப்பிட்டாளா?

—அது... தூங்குச்சு. அக்கா வாங்கி வெச்சாங்க.

—எப்பக் கேட்டாலும் தூங்குறா. அப்பா எங்கன்னு கேக்கவே மாட்டேங்குறாளா?

—கேக்குது. கேக்காம என்ன.

—சரி, அதை விடு. நேரா கேக்குறேன். அம்மை இருக்கா, இல்லையா?

—மூணாந்தண்ணி ஊத்துற வரைக்கும் விட்டுடுங்க ஐயா. முத்தெல்லாம் உதிர ஆரம்பிச்சிருக்கு. முந்தாநாள் கண்ணு திறந்துச்சு. கஞ்சி கேட்டுச்சு. இந்த நேரத்துல கொட்டகைக்குக் கொண்டு போனா, பொழைக்கிறதும் பொழைக்காது. சின்ன உசுருங்க.

—ராஜம்மா சின்ன உசுரா. கல்யாணம் ஆக வேண்டியவ.

—எனக்குச் சின்னதுதான்.

—ஆக, இருக்கு. என் கணக்கு சரி.

—கணக்கு சரிதான். தண்ணி ஊத்திட்டா யாருக்கும் தெரியப் போறதில்லை. உங்களுக்குத் தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருங்க. நாளையில இருந்து தாளிச்சுடறேன். வாடைக்கு ஆத்தாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.

—அதுக்கு அவசியம் இல்லை.

—விட்டுடறீங்களா?

—காலையிலயே சொல்லிட்டேன்.

—என்னத்த?

—துவான்கிட்ட. வெள்ளையம்மா வீட்டுல இருக்கலாம்னு சொன்னேன். நான் இந்த அடுப்படிக்குள்ள வர்றப்ப லாரி கிளம்பிடுச்சு. உன்னை இங்கயே பேச்சுல நிறுத்தி வைக்கச் சொன்னான். நீ அங்க நின்னு கூச்சல் போட்டா உன்னையும் ஏத்துவாங்க. உன் நல்லதுக்குத்தான்.

—இவ்வளவு நேரமும் அதுக்குத்தான் ரசத்தைப் பத்திப் பேசினீங்களா?

—ரசத்தைப் பத்தியும் பேச வேண்டியதுதான்.

—என் கையை விடுங்க.

—உட்காரு. இப்ப போய் ஒண்ணும் ஆகாது. லாரி ரோட்டைச் சுத்திப் போயிருந்தாலும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

—எந்தக் கதவைத் தட்டச் சொன்னீங்க? அதை மட்டும் சொல்லுங்க.

—உன் கதவை. அங்க யாரும் இல்லைன்னா ரெண்டு பக்கத்துக் கதவையும் திறந்து பார்க்கச் சொன்னேன். நீ ராஜம்மாவை மறைச்சு வெச்சிருப்பன்னு எனக்குத் தெரியும்.

—ரெண்டு பக்கமுமா?

—ஒரு பக்கம் வயிரவன் வீடு, ஒரு பக்கம் என் வீடு. துவானே கேட்டான், உன் வீட்டையுமான்னு. ஆமான்னேன். கிராணி தன் வீட்டை மட்டும் விட்டுட்டான்னு நாளைக்கு ஒருத்தன் வாய் திறக்கக் கூடாது பாரு. வேதநாயகி எனக்குத் திறக்கலைன்னாலும் துப்பாக்கிக்காரனுக்காவது திறக்கட்டும். ஏன் அப்படிப் பார்க்குற? ராஜம்மாவைப் பத்தி நான் பார்த்துச் சொல்றேன். நல்ல கஞ்சியா கொடுக்கச் சொல்றேன்.

—ராஜம்மாவுக்கு ஒண்ணும் இல்லைங்க. அவ உங்க வீட்டுலதான் இருக்கா, செல்லத்துக்கு வேப்பிலை வீசிக்கிட்டு. அக்கா உங்களை வெளிய நிறுத்துனது கோவத்துல இல்லை, தெரிஞ்சா நீங்களே சொல்லிடுவீங்கன்னுதான்.