மாலை போட்ட ரூட்டர்

நாலாவது வரிசையில் கொட்டாவி விடுகிற அந்த அண்ணனுக்காகவே ஒரு சின்னக் கதை சொல்றேன்... கேளுங்க.

திருச்சி பக்கம் ஒரு காலனி. அங்கே தெய்வசிகாமணின்னு ஒருத்தர். அவர் வீட்டு வாசல் பூட்டு இருக்கே... அதோட சாவியைத் தூக்கவே நாலு பேர் வேணும்! அவர் நாய் குரைச்சா கொழும்புல குழந்தை அழும்! கூடத்துல பேச்சையும் பிடிக்கிற கேமரா வேற. ஈ உள்ளே வந்தாலும் ஆதார் கார்டு காட்டணும்!

மனுஷனுக்கு ஒரே ஆசை. குடியிருப்போர் சங்கத் தலைவர் ஆகணும். பன்னிரண்டு வருஷத்து ஆசை! தினம் காலையில கூடத்துல நின்னு மேடைப் பேச்சு ஒத்திகை. போட்டிக்கு நின்னவர் யாரு? பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம்.

தேர்தலுக்குப் பத்து நாள் முன்னாடி ஆயுத பூஜை. கத்தரிக்கோல், ஸ்கூட்டர்... வைஃபை ரூட்டரையும் விடலை. பொட்டு வைக்க வசதியா அதோட பின்பக்கத்தைத் திருப்பி, சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை! ஒரு படம் எடுத்தார்... காலனி வாட்ஸ்அப் குரூப்ல போட்டார்.

அவர் மனைவி மரகதம் பதறிட்டாங்க. "ஏங்க! ஸ்டிக்கர்ல பாஸ்வேர்டு பளிச்சுன்னு தெரியுதே. கேமராவுக்கும் அதையேதானே வெச்சிருக்கீங்க?"

"அட போடி! பூஜைப் படத்துல எவன் பாஸ்வேர்டு பார்ப்பான்?"

எவன் பார்ப்பான்?... பக்கத்து வீட்டுக்காரன் பார்ப்பான்!

தேர்தல் நாள். பொன்னுரங்கம் முதல்ல மேடை ஏறினார். காகிதத்தைப் பிரிச்சு கம்பீரமா படிக்கிறார். "காலனியின் கண்மணிகளே! குப்பை வண்டி தினமும் வரும்! குழாயில் காவிரி பொங்கும்! அடியே மரகதம், காபி என்னடி ஆச்சு?"

கூட்டம் மொத்தமும் மரகதம் பக்கம் திரும்புச்சு. கேமராவுல கேட்டதை ஒரு வரி விடாம எழுதிட்டு வந்திருக்கார் மகானுபாவர்!

மரகதம் எழுந்தாங்க. "காபி அன்னைக்கே குடுத்துட்டேன். எங்க வீட்டுப் பேச்சு உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"வழியை மாலை போட்டுக் காட்டினது உங்க வீட்டுக்காரர்தானே?"

பின்னாடியிருந்து ஒரு குரல். "திருடினவரும் வேண்டாம், திறந்து வெச்சவரும் வேண்டாம். அக்கா, நீங்களே நில்லுங்க!"

மரகதம் ஜெயிச்சாங்க. வீட்டுக்கு வந்ததும் தெய்வசிகாமணி புலம்பினார். "பன்னிரண்டு வருஷத்துப் பேச்சு போச்சே!"

"பேச்சு போனா போகுது. அதே கூடத்துல நின்னுதானே நம்ம பொண்ணு டாக்டர்கிட்ட போன்ல பேசினா?"

அப்பதான் மனுஷனுக்கு விஷயம் உறைச்சுது. அப்பவே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாத்தினார்.

அன்பர்களே... வாசல்ல ஆளுயரப் பூட்டு தொங்குது. உள்ளே கம்பெனிக்காரன் ஒட்டின பாஸ்வேர்டு, ஒட்டினபடியே இருக்குது. ஊரே நடந்து வர்ற வழிங்க அது! வீட்டுக்குப் போனதும் மாத்துங்க. ரூட்டருக்கு ஒண்ணு, கேமராவுக்கு வேற ஒண்ணு.

எங்கே... இதுவரைக்கும் மாத்தாதவங்க கை தூக்குங்க, பார்ப்போம்.

அடேயப்பா!... இறக்குங்க, இறக்குங்க! உங்க பக்கத்து நாற்காலியில இருக்கிறது பக்கத்து வீட்டுக்காரர்!