பதினொன்று பதினேழுக்கு விழுந்த ஸ்பேனர்

அவையின் நடுவே அமைதியே உருவாய் அமர்ந்து, என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கு மணியையும் கைக்கருகே வைத்திருக்கும் தலைவர் அவர்களே. முன்வரிசையை முறுவலால் நிறைத்திருக்கும் மூத்தோர்களே. பிள்ளைகளை மடியிலும் பொறுமையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே. திருகாணியின் திசையறிந்த திறலோரே, பழுதின் மொழி புரிந்த பண்பாளரே, நம் இயந்திரப் பணியாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் திரண்டிருக்கும் தோழர்களே, தோழியரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு கருந்துளை. செயலாளர் முதலில் தயங்கினார். "அண்ணி, வானத்தைப் பத்திப் பேச விஞ்ஞானி யாரையாவது கூப்பிடலாமா?" என்றார். நான் சொன்னேன்: "விஞ்ஞானி வந்தா கருந்துளையைப் பத்தி மட்டும்தான் பேசுவாங்க. நான் வந்தா அதுக்குள்ள விழப் பார்த்த கதையையும் சேர்த்துச் சொல்வேன்." அழைப்பிதழில் என் பெயரைப் போட்டுவிட்டார்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊருக்கு வெளியே வெட்டவெளியில், ஒருவர் இரு கைகளையும் நீட்டிப் படுத்ததைப் போல நான்கு நான்கு கிலோமீட்டருக்கு இரண்டு குழாய்கள் கிடக்கின்றனவே, அந்த ஆய்வுக்கூடத்தில் நான் பம்பு மெக்கானிக். பதினான்கு வருடம். என் வீட்டுக்காரரின் தங்கை, அதாவது என் நாத்தனார், அங்கேயே ஆராய்ச்சியாளர். அவள் என்னை அண்ணி என்று கூப்பிட, கேட்டவர்களும் அப்படியே கூப்பிட, இயக்குநர் முதல் காவலாளி வரை நூற்றுப்பத்துப் பேருக்கு நான் அண்ணி. ஒரு நாத்தனாரைச் சமாளிக்கவே பெரும்பாடு என்று பெருமூச்சு விடும் தாய்மார்களே, என் நிலைமையை எண்ணிப் பாருங்கள். மெதுவாகச் சிரியுங்கள், அவள் மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

சரி, கருந்துளை எப்படிப் பிறக்கிறது? ஒரு நட்சத்திரம் என்பது இருவரின் பிடிவாதம். உள்ளே எரியும் நெருப்பு வெளியே தள்ளுகிறது. அதன் சொந்த எடை உள்ளே நசுக்குகிறது. தள்ளுபவனும் நசுக்குபவனும் சரிக்குச் சரி நிற்கும் வரை நட்சத்திரம் நிற்கிறது. உள்ளழுத்தம் போனால் டப்பா நசுங்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? நம் சூரியனைப் போல இருபது முப்பது மடங்கு எடையுள்ள நட்சத்திரங்களில் எரிபொருள் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. தள்ளுபவன் தளர்கிறான். நசுக்குபவன் விடுவானா? மேலே இருப்பது வெடித்துச் சிதறுகிறது. நடுவில் இருப்பது உள்நோக்கி விழுகிறது. விழுந்து, விழுந்து, தாங்கிப் பிடிக்க ஆளின்றி மேலும் விழுந்து, பல சூரியன்களின் எடை ஓர் ஊருக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதைச் சுற்றி ஓர் எல்லை. அந்த எல்லைக்குள் போன கல் திரும்பாது, காற்று திரும்பாது, ஒளிகூடத் திரும்பாது.

பின்னால் யாரது? "ஓட்டைன்னா அடைச்சிடலாமே" என்கிறாரா? தம்பி, நல்ல தொழிலாளியின் கேள்வி. ஆனால் பெயர்தான் துளை. உண்மையில் அது ஓட்டை இல்லை, குவியல். அடைக்கப் போனால் அடைக்கிற சாமானையும் சேர்த்துக்கொண்டு இன்னும் பெரிதாகிவிடும்.

ஒளியே வராததைக் கண்டுபிடிப்பது எப்படி? சுற்றி இருப்பவற்றைப் பார்த்துத்தான். வானத்தில் ஒரு நட்சத்திரம் ஒன்றுமே தெரியாத ஓர் இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒன்றுமே இல்லாத இடத்தை யார் சுற்றுவார்கள்? அப்படியென்றால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது. இந்த வரியை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். இதே வரியால்தான் நானும் பிடிபட்டேன்.

இன்னொரு வழியும் உண்டு. இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றினால் வெளியே அலை கிளம்புகிறது. தண்ணீரில் அல்ல, காற்றில் அல்ல, இடம் என்கிறோமே, அந்த இடத்திலேயே அலை. அலை போகப் போக அவற்றின் சக்தி குறைகிறது, நெருங்குகின்றன. நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது, கடைசியில் மோதி ஒன்றாகின்றன. அந்த அலை பூமியைக் கடக்கும்போது எங்கள் குழாய்களில் ஒன்றை நீட்டி மற்றொன்றைக் குறுக்கும். எவ்வளவு? அணுவின் கருவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைக் கண்ணாடிகளுக்கு நடுவே ஓடும் ஒளியை வைத்து அளக்கிறார்கள். ஒளி ஓடும் பாதையில் காற்று இருக்கக் கூடாது. காற்றை வெளியே எடுப்பவள் நான்.

இவ்வளவு நுட்பமான கருவிக்கு நாம் தும்மினாலும் கேட்கும். ஆகவே சிவப்பு விளக்கு எரியும்போது, இரண்டு குழாய்களும் சேரும் மூலைக்கூடத்துக்குள்ளோ அதிலுள்ள பம்பு ரூமுக்குள்ளோ யாரும் நுழையக் கூடாது. அதுதான் அங்கே வேதம். அதைத்தான் நான் மீறினேன்.

அன்று முற்பகல். பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே நடந்துபோகிறேன். உள்ளே பம்பு முனகுகிறது. பெற்ற பிள்ளையின் இருமல் எது, நடிப்பு எது என்று தாய்க்குத் தெரியாதா? அது தளர்ந்த போல்ட்டின் முனகல். முறைப்படி மேலே சொல்லி, விளக்கை அணைக்கச் சொல்லி, எழுதி, கையெழுத்து வாங்கி உள்ளே போக அரை மணி நேரம் ஆகும். என் வேலை ஒரு நிமிட வேலை. சாவி என் இடுப்பில். போனேன். முறுக்கினேன். இரண்டு சுற்று பாக்கி இருக்கும்போது எண்ணெய்க் கை வழுக்கியது. ஸ்பேனர் சிமெண்டுத் தரையில் விழுந்தது. டங்.

நிமிர்ந்து பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று பதினேழு. பாக்கி இரண்டு சுற்றையும் விட்டுவிட்டுப் பூனை போல வெளியே வந்தேன். பதிவேட்டில் எழுதினேனா? எழுதவில்லை.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து என் நாத்தனார் ஓடி வருகிறாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை, பஸ் கிளம்பினாலும் நடந்துதான் வருவாள். "அண்ணி, வந்திருச்சு. ஆறு வருஷமாக் காத்திருந்தது வந்திருச்சு."

"எப்போ?" என்றேன்.

"பதினொன்னு பதினேழு."

அன்பர்களே, உங்கள் காலடியில் இருந்த தரை சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனதுண்டா? எனக்குப் போனது. அவள் சொன்ன கருந்துளை எது? என் கையிலிருந்து விழுந்த ஸ்பேனரா?

கடல் தாண்டி எங்கள் கூடத்தைப் போலவே இன்னொன்று உண்டு. இரண்டிலும் ஒரே சமயம் கேட்டால் சந்தேகமே இல்லை. ஆனால் அன்று பார்த்து அது பழுது பார்ப்புக்காக மூடிக் கிடந்தது. எங்கள் பதிவு ஒற்றைச் சாட்சி. ஒற்றைச் சாட்சியை எத்தனை குறுக்கு விசாரணை செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த பதினைந்து நாள் யாரும் எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஒரு பொத்தானைத் தொடாதே, ஒரு நாற்காலியை நகர்த்தாதே. வழக்கமான இரைச்சல் எப்படி இருக்கும் என்று அளந்து, வந்தது இரைச்சல் இல்லை என்று நிறுவ வேண்டும்.

இயக்குநர் நூற்றுப்பத்துப் பேரையும் கூட்டினார். "அந்த நேரத்துல உள்ள யாராவது இருந்தீங்களா? தண்டிக்கக் கேக்கல. தெரிஞ்சுக்கணும்." கூடம் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. மௌனம் சம்மதம் என்பார்கள். அன்று என் மௌனம் பச்சைப் பொய்.

ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. சோறு இறங்கவில்லை. அவளோ சாப்பிட மறந்து, தலைவார மறந்து, காகிதமும் கையுமாகத் திரிந்தாள். என் வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். வெளிய போய் உக்காந்துக்குவேன். ரெண்டு பேரும் பேசாம இருந்தாத்தான் பயமா இருக்கு."

ஆறாம் நாள் காலை, சமையலறை. அவள் காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி கேட்டாள். "அண்ணி, கேன்டீனுக்கு பம்பு ரூம் பக்கமாப் போனா ரெண்டு நிமிஷம். நீங்க ஆறு நாளா ஜெனரேட்டர் கொட்டகையைச் சுத்திப் போறீங்க."

"நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னார்."

"டாக்டர் சொல்லி நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க?" அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லாத இடத்தை யாரும் சுத்த மாட்டாங்க, அண்ணி."

முடிந்து வைக்கச் சொன்னேனே, அந்த வரி. வானத்தில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கப் படித்தவளுக்கு வீட்டில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போனது.

"நான் போய்ச் சொல்ல மாட்டேன்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. "நீங்கதான் சொல்லணும்." வந்த உயிர் போனது.

"சொன்னா உன் ஆறு வருஷம் போயிடுமே, சின்னு?"

"சொல்லலைன்னா அது என் ஆறு வருஷமே இல்ல, அண்ணி. உங்க ஸ்பேனரோட ஆறு வருஷம்."

அன்று முற்பகல் நூற்றுப்பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்றேன். "நான் உள்ள போனேன். ஸ்பேனர் விழுந்தது. பதினொன்னு பதினேழு. பம்பு ரூம் கடிகாரத்துல பார்த்தேன்" என்றேன்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "அப்படின்னா இதை வெளியிட முடியாது" என்றார். என் நாத்தனார் அழவில்லை. கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "சார், தரை அதிர்வைப் பதிவு பண்ற கருவியில பதினேழுக்கு ஒண்ணுமே இல்ல. பன்னிரண்டுக்குத்தான் ஒரு அடி இருக்கு."

விஷயம் இதுதான். பதினொன்று பன்னிரண்டுக்கு ஊர் பேர் தெரியாத ஓர் அதிர்வு பதிவாகியிருந்தது. அது என்னவென்று தெரியாமல் ஆறு நாளாக என் நாத்தனாரின் குழு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் முன்னால் வந்ததற்கே விளக்கம் இல்லாதபோது, பின்னால் வந்ததை மட்டும் யார் நம்புவார்கள்? இது எனக்குத் தெரியாது. நான்தான் ஒளிந்து திரிந்தேனே.

"அடி பன்னிரண்டுக்கு. அண்ணி சொல்றது பதினேழு. இடிக்குதே" என்றார் இயக்குநர். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்தவர் எங்கள் ஸ்டோர்காரர். கருவிகளைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிறவர், பத்து வார்த்தைக்குமேல் பேசாதவர்.

"அந்தக் கடிகாரம் அஞ்சு நிமிஷம் கூட ஓடுது சார். அதுக்கு முந்தின வாரமே நான்தான் தள்ளி வெச்சேன். எழுதி வைக்கல."

"ஏன் தள்ளி வெச்சீங்க?"

"வாங்கிட்டுப் போற ஸ்பேனரை யாரும் நேரத்துக்குத் திருப்பித் தர்றதில்ல சார்." சற்று நிறுத்தி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "குறிப்பா அண்ணி."

பதினேழில் ஐந்து போனால் எவ்வளவு? சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள். பன்னிரண்டு. ஆம், பன்னிரண்டு. ஊர் பேர் தெரியாத அந்த அதிர்வின் ஊரும் பேரும் நான்தான்.

என் நாத்தனார் இரண்டு பதிவுகளையும் ஒலியாக மாற்றிப் போட்டுக் காட்டினாள். முதலாவது பதினொன்று பன்னிரண்டுக்கு வந்தது: பெரிதாய்த் தொடங்கியது, தேய்ந்தது, அடங்கியது. அது என் ஸ்பேனர். இரண்டாவது பதினேழுக்கு வந்தது: இல்லாமையிலிருந்து தொடங்கியது, எழுந்தது, ஏறியது, ஏறி ஏறி உச்சியில் சட்டென நின்றது. ஒரு நொடியில் கால்வாசிகூட இல்லை. விழுந்த பொருளின் சத்தம் அடங்கும். நெருங்கி வரும் பொருளின் சத்தம் ஏறும். ஒன்று இருபத்தெட்டுச் சூரியன் எடை, இன்னொன்று இருபத்திரண்டு. கூட்டினால் ஐம்பது. மோதிப் பிறந்ததோ நாற்பத்தெட்டு. மீதி இரண்டு சூரியன் எங்கே? அலையாகக் கரைந்து, நூற்றைம்பது கோடி ஆண்டு பயணம் செய்து, எங்கள் குழாயை ஒரு கணம் அசைத்துவிட்டுப் போயிருக்கிறது. அவள் அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். ஸ்டோர்காரர் பதிவேட்டைத் திறந்து, "அண்ணி, அந்த ஸ்பேனர் இன்னும் வரல" என்றார்.

எனக்குத் தண்டனை உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. ஒரு மாதம் வேலைக்கு வராதே என்றார்கள். நியாயம்தான். ஆனால் அதற்கு முன்னால், பதினாறாம் நாள், சிவப்பு விளக்கு அணைந்ததும் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். கையெழுத்துப் போட்டு உள்ளே போய், விட்டு வைத்திருந்த அந்த இரண்டு சுற்றையும் முறுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

என் இனிய தோழர்களே, தோழியரே. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஸ்டோர்காரர் திறந்திருப்பாரா? அவர் திறக்காமல் இருந்திருந்தால் அந்த அதிர்வுக்குப் பெயர் கிடைத்திருக்குமா? பெயர் கிடைக்காமல் இருந்திருந்தால் நூற்றைம்பது கோடி ஆண்டு நடந்து வந்த ஓர் உண்மை, ஓர் ஐந்து நிமிடத்தைத் தாண்ட முடியாமல் எங்கள் வாசலிலேயே செத்திருக்குமே. நாம் ஸ்பேனரைத் தவறவிடுவோம். எண்ணெய்க் கை வழுக்கத்தான் செய்யும். அதை எழுதுங்கள். நேரத்தோடு எழுதுங்கள். கருந்துளை தன்னுள் விழுந்ததைத் திருப்பித் தராது, அது அதன் விதி. நம் நெஞ்சுக்கு யார் அந்த விதியை எழுதியது?

அவர்கள் வெளியிட்ட அறிக்கை நாற்பது பக்கம். அதன் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. நான் மனப்பாடமாய் வைத்திருக்கிறேன். "11:12, தரை அதிர்வு: கீழே விழுந்த ஸ்பேனர். பம்பு மெக்கானிக் தாமே முன்வந்து தெரிவித்தது." தாமே முன்வந்து என்று எழுதியவள் மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அன்று காலை சமையலறையில் நடந்ததை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. இதோ, நானே சொல்லிவிட்டேன், சின்னு.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், தூங்கிய குழந்தைகளுக்கும், மணியை அடிக்காத தலைவருக்கும் நன்றி கூறி, கடிகாரத்தைச் சரிபார்த்துவிட்டு அமர்கிறேன். வணக்கம்.