முன்னூத்தறுபது நாள் கருட சேவை

இல்லை ஸார், ஊரே அப்படித்தான் நினைச்சிண்டிருக்கு. முதல்ல அந்தத் தப்பைத் திருத்திடறேன். வீட்டு வரிங்கறது வீட்டுக்குப் போடறதே இல்லை. சுவருக்கும் இல்லை, ஓட்டுக்கும் இல்லை. வாடகைக்கு விட்டா வருஷத்துக்கு என்ன வரும்னு ஒரு யூகம் பண்றேளே, அந்த யூகத்துக்குப் போடறது. சட்டத்தை நான் ரெண்டு தரம் வாசிச்சேன். உங்க முனிசிபாலிட்டியில யாராவது ஒரு தரம் வாசிச்சிருந்தா நான் இங்கே வந்து நிக்க வேண்டாம்.

கோவிச்சுக்காதேங்கோ. மனு என்னுதில்லை, அடுத்தாத்து பட்டம்மாளோடது. அவளுக்கு எழுத வராது, ரேகை வெச்சிருக்கா பாருங்கோ. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. இலை தைச்சு வித்து ஜீவனம். வருஷ மதிப்பு முப்பத்தாறு ரூபான்னு இருந்தது, ரெண்டேகால் ரூபா வரியைக் கட்டிண்டிருந்தா. இப்போ முன்னூத்தறுபதுன்னு எழுதியிருக்கேள். இருபத்திரண்டரை ரூபாய்க்கு அவ எங்கே போவா? எனக்கும் அதே மதிப்புதான். அது கிடக்கட்டும், நான் கேக்கலை.

எப்படி ஏறித்தா? உங்க இன்ஸ்பெக்டர் வந்து தெருவுல நாள் வாடகை என்னன்னு கேட்டார். கருட சேவை அன்னிக்கு ஒரு ரூபா போறதுன்னு ஒருத்தர் சொன்னார். இவர் பெருக்கிட்டார். முன்னூத்தறுபது நாளும் பெருமாள் கருடன் மேல ஏறினாத்தான் ஸார் அந்தக் கணக்கு சரியா வரும். மிச்ச நாள் ஓய்வு குடுத்திருக்கார், அந்த மட்டும் தயவு.

பழைய மதிப்புக்கு மேல ரூபாய்க்கு ரெண்டணாதான் ஏத்தலாம்னு ஒரு வரம்பு கட்டப்படாதா? உங்களுக்கு அதிகாரம் இல்லையா. சரி, குறைக்கவாவது குறைங்கோ. இன்னிக்கு சாயங்காலத்தோட கெடு முடியறது, உங்க கால்ல வேணாலும் விழறேன்.

அந்த ஒருத்தர் ஒரு ரூபான்னு சொன்னது பொய் ஸார். எங்க தெருவுல சேவிக்க வர்றவாகிட்ட தங்கறதுக்குக் காசு வாங்கற வழக்கமே கிடையாது. பாயைப் போட்டு, புளியோதரையும் கட்டிக் குடுத்து அனுப்புவோம்.

பொய் எதுக்குச் சொல்லணுமா? அன்னிக்கு அவாத்துல பொண் பார்க்க வந்திருந்தா. பிள்ளையோட அப்பா கூடத்துல உக்காந்திருந்தார். ஆத்துக்கு வாடகை வரும்படி உண்டுன்னு அவர் காதுல விழட்டுமேன்னு வாசல்ல கொஞ்சம் பலமாவே சொன்னது. ஹேமாம்புஜத்துக்குக் கல்யாணம் நல்லபடியா நடந்துடுத்து.

ஆமாம். என் பொண்தான்.

சொன்னது பொய்னு எழுதிக் குடுத்தா ரிஜிஸ்தர்ல ஏறிடுமா? யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாமா? சம்பந்தி கூடவா?

குடுங்கோ அந்தக் காகிதத்தை. பேர் பராங்குசம்.

பட்டம்மாளா? அவ வரலை ஸார். நேத்திக்கே முசரவாக்கத்துக்குத் தம்பியாத்துக்குப் போயிட்டா. வீடு வாங்க யாராவது வந்தா திறந்து காட்டுங்கோன்னு சாவியை என்கிட்டதான் குடுத்துட்டுப் போயிருக்கா.